தனா லோட்டுக்குப் போகும் வழியில்

பாலித் தீவின் தெற்கே எந்த விடுதியில் தங்கினாலும் வரவேற்பு மேசையில் அதே ஒருநாள் பயண அட்டை இருக்கும். காலையில் மெங்வியில் தமான் அயுன், மதியத்துக்கு முன் மலைமேல் பெரத்தான் ஏரிக் கோயில், சாப்பாட்டுக்குப் பின் ஜாதிலுவியின் படிக்கட்டு வயல்கள், பொழுதுபடும் நேரத்தில் கடற்பாறை மீதுள்ள தனா லோட். நான்கு இடமும் அழகானவை என்பதால் அட்டையில் சேர்ந்திருக்கின்றன. ஆனால் அவற்றைத் தண்ணீரின் வழியாகவும் ஒன்றாகப் படிக்கலாம். மலையில் ஏரி, சரிவில் வயல், சமவெளியில் அகழி, முடிவில் கடல். பாலியின் அரசியல் வரலாற்றில் பாதி இந்த வழியில்தான் இறங்கி வந்திருக்கிறது.

பயணத்துக்கு முந்தைய இரவு, எங்கள் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் நான் பாலியில் நிற்பதை அறிந்த ஒருவர் காணொளி ஒன்றை அனுப்பியிருந்தார். சோழர் பாலியை வென்று கோயில் கட்டினார்கள் என்று முழங்கும் குரல், பின்னணியில் பறை. முதலாம் இராசேந்திரனின் 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பு உண்மை. அவனது மெய்க்கீர்த்தியில் ஸ்ரீவிஜயம், கடாரம், பண்ணை, மலையூர், மானக்கவாரம் என்று நீண்ட பட்டியல் இருக்கிறது. அதில் பாலி இல்லை. அந்தப் படையெடுப்புக்கு நூறாண்டுக்கு முன்பே, 914ஐச் சேர்ந்ததாகக் கணிக்கப்படும் சானூர் தூணில், ஸ்ரீ கேசரி வர்மதேவன் என்ற பாலி அரசன் தன் வெற்றியைச் சமஸ்கிருதத்திலும் பழைய பாலி மொழியிலும் பொறித்துவிட்டான். தன் மொழியைக் கல்லில் வைக்கத் தெரிந்தவனுக்குக் கோயில் கட்ட வேறொருவர் வரவேண்டியதில்லை.

எங்களுக்கும் பாலிக்கும் உண்மையான தொடர்பு ஒன்று உண்டு. அது வெற்றிமுரசு கொட்டுகிறவர்களுக்கு உதவாத அளவுக்குச் சிறியது. வடகரையிலுள்ள செம்பிரான் என்ற ஊரில் இ வயான் அர்டிகா நடத்திய அகழாய்வில், அரிக்கமேட்டில் கிடைக்கும் அதே வகை மட்பாண்டங்கள் வெளிவந்தன. அவரும் பீட்டர் பெல்வுட்டும் 1991இல் அதைப் பற்றி எழுதினார்கள். அருகே பாச்சுங்கில் கிடைத்த ஒரு மனிதப் பல்லின் மரபணுவை ஆராய்ந்தவர்கள், 2004இல் வெளியிட்ட கட்டுரைக்குப் ‘பழைய பாலியில் ஓர் இந்திய வணிகரா?’ என்ற பொருளில் தலைப்பிட்டார்கள். அந்தக் கேள்விக்குறி எனக்குப் பிடித்திருக்கிறது. வாளோடு வந்த அரசனைவிட, ஊர் திரும்பாமல் அங்கேயே இறந்துபோன ஒரு வியாபாரி எங்களைப் போன்றவர்களுக்கு நெருங்கிய உறவு.

எங்கள் வழிகாட்டிக்கு ஐம்பது வயதிருக்கும். அவர் என்னைப் ‘பாக்’ என்றார், நான் அவரைப் ‘ப்ளி’ என்றேன். பாலியில் அது அண்ணன். கோயிலுக்குள் கட்டுவதற்கு அவர் நீட்டிய துணி எங்கள் வீட்டுச் சாரமேதான். கட்டத் தெரிந்த என்னைப் பார்த்துச் சிரித்தார்.

தமான் அயுனில் பயணிகளை உட்பிராகாரத்துக்குள் விடுவதில்லை. தாழ்வான மதிலுக்கு வெளியே நடந்தபடி, கறுத்த நார்க் கூரைகள் அடுக்கடுக்காக எழும் மேருக்களைப் பார்க்கலாம். அடுக்குகள் வழக்கமாக ஒற்றை எண்தான், உச்சம் பதினொன்று. சுற்றிலும் அகழி. இக்கோயில் 1634இல் மெங்வியின் முதல் அரசரால் கட்டப்பட்டது என்று ப்ளி சொன்னார். பயண நூல்களும் அதையே சொல்கின்றன. 2012இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்த யுனெஸ்கோவோ இதைப் பதினெட்டாம் நூற்றாண்டுக் கோயில் என்கிறது. ஒரு நூற்றாண்டு எங்கே போனது? கெல்கெலில் இருந்த தீவின் மூத்த அரசு பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உடைந்த பிறகுதான் மெங்வி போன்ற சிற்றரசுகள் தலையெடுத்தன. ஹென்க் ஷுல்டே நோர்ட்ஹோல்ட் மெங்வியை மையமாக வைத்து எழுதிய பாலியின் அரசியல் வரலாறு 1650இல் தொடங்குவதும் இதனால்தான். 1634 என்பது அரச குடும்பத்தின் நினைவு. புதிதாக எழுந்த ஓர் அரசுக்குப் பழைய பிறந்தநாள் தேவைப்படுவது நாங்கள் அறியாத விடயமா என்ன?

அந்த அரசு 1891இல் முடிந்தது. அண்டை அரசுகள் சேர்ந்து மெங்வியை வீழ்த்தி நிலத்தைப் பங்கிட்டுக்கொண்டன. பதினைந்து ஆண்டுகளில் வென்றவர்களில் ஒருவரான படுங் அரசுக்கும் முடிவு வந்தது. 1906 செப்டம்பர் 20 அன்று டென்பசாரில் ஒல்லாந்தப் படையின் துப்பாக்கிகளுக்கு முன்னால், அரசரும் குடும்பத்தாரும் வெள்ளை உடுத்து, கிரிசுகளோடு நடந்து வந்து மாண்டார்கள். பாலியர் அதைப் புபுத்தான் என்பார்கள். 1908இல் குளுங்குங்கில் அதுவே மறுபடி நடந்தது. அதன்பின் பத்திருபது ஆண்டுகளில், அழித்த அதே ஆட்சி பாலியை ‘வாழும் அருங்காட்சியகம்’ என்று கப்பல் கம்பனி விளம்பரங்களில் விற்கத் தொடங்கிவிட்டது. நாங்கள் மதிலோரம் நின்று படம் எடுக்கும் தமான் அயுன், 1937இல் ஒல்லாந்தர் காலத்தில் பெரிய அளவில் புதுப்பிக்கப்பட்டது.

பெரத்தான் ஏரி ஏறத்தாழ 1200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேரு நீரில் மிதப்பது போலத் தோன்றும் அந்தக் காட்சி பழைய ஐம்பதாயிரம் ரூபியாத் தாளின் பின்பக்கத்தில் இருந்தது. கோயில் வளாகத்தில் ஒரு பௌத்தத் தூபி. எதிர்ப்பக்க மேட்டில் பள்ளிவாசல். லுஹர் தொழுகைக்கான அழைப்பு ஏரிக்கு மேலாக வந்தபோது யாரும் தலைதிருப்பவில்லை. கோயில் ஏரித் தெய்வமான தேவி டானுவுக்குரியது. ஏரி என்றால் நீர், நீர் என்றால் கீழேயுள்ள வயல்களின் சுபாக்குகள்.

சுபாக் என்பது ஒரே வாய்க்காலிலிருந்து நீர் பெறும் விவசாயிகளின் சங்கம். வாய்க்கால் தொடங்கும் இடத்தில் ஒரு கோயில், பிரியும் இடத்தில் இன்னொன்று, பல சுபாக்குகள் சேரும் அணைக்கட்டில் பெரியது, எல்லாவற்றுக்கும் மேலே ஏரிக் கோயில். எந்த வாரம் யார் நீரை எடுப்பது, எப்போது நாற்று நடுவது, எப்போது தரிசாக விடுவது என்பதெல்லாம் இந்தக் கோயில்களின் கூட்டங்களில் முடிவாகும். 1970களில் பசுமைப் புரட்சி வந்தபோது, ஆண்டுக்கு எத்தனை முறை முடியுமோ அத்தனை முறை புதிய நெல்லை நடும்படி அரசு சொன்னது. கோயில் அட்டவணை கைவிடப்பட்டது. முதலில் விளைச்சல் கூடியது. பிறகு நீர் தட்டுப்பட்டது, புகையான் பூச்சி வயல்களைத் தின்றது. 1979இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் தொடங்கிய நீர்ப்பாசனத் திட்டத்தின் ஆலோசகர்களுக்குக் கோயில்கள் வெறும் சடங்குகளாகவே தெரிந்தன.

ஸ்டீவன் லான்சிங் என்ற மானிடவியலாளர் வேறுவிதமாகப் பார்த்தார். அவர் ஆராய்ந்தது கிழக்கே பத்தூர் ஏரிக் கோயிலை. பெரத்தான் அதன் மேற்கத்தியச் சகோதரி. ஜேம்ஸ் கிரெமர் என்ற சூழலியலாளரோடு சேர்ந்து, ஓஸ், பெத்தானு ஆறுகளை ஒட்டிய 172 சுபாக்குகளைக் கணினி மாதிரியாக எழுதினார். சிக்கல் இதுதான். எல்லோரும் ஒரே நாளில் நட்டு ஒரே நாளில் அறுத்தால், தரிசுக் காலத்தில் பூச்சிக்கு உணவில்லாமல் அது ஒழியும். ஆனால் எல்லோருக்கும் ஒரே நாளில் நீர் வேண்டும், ஆற்றில் அவ்வளவு நீர் இல்லை. ஆளுக்கொரு நாளில் நட்டால் நீர் போதும், பூச்சி வயலுக்கு வயல் இடம்பெயர்ந்து உயிர் வாழும். எத்தனை சுபாக்குகள் ஒன்றாகச் சேர்ந்து நடுவது சரி? மாதிரியில் ஒவ்வொரு சுபாக்கும், பக்கத்தில் யார் நன்றாக விளைவித்தார்களோ அவர்களின் அட்டவணையைப் பின்பற்றும்படி விட்டார்கள். சில பருவங்களிலேயே குழுக்கள் தாமாக உருவாகின. அவை உண்மையான நீர்க்கோயில்களின் பிரிவினையை ஒத்திருந்தன. மேலிருந்து யாரும் கட்டளையிடவில்லை. லான்சிங்கின் புத்தகம் 1991இல் ‘பூசாரிகளும் நிரலாளர்களும்’ என்று பொருள்படும் தலைப்பில் வந்தது. கோயில்களின் பங்கை வங்கியும் பிறகு ஏற்றது.

நான் இருபது வருடமாகச் செய்வது பழைய கணினி அமைப்புகளைக் கழற்றிப் புதியவற்றைப் பொருத்தும் வேலை. பழையது ஏன் அப்படி எழுதப்பட்டது என்று விசாரிப்பதற்குத் திட்ட அறிக்கையில் ஒரு மணித்தியாலமும் ஒதுக்கமாட்டார்கள். அந்த ஆலோசகர்களை எனக்கு நன்றாகத் தெரியும் என்றே தோன்றியது.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு, அரசனே இல்லாத நீர்க் குடியரசு என்று பாலியைக் கொண்டாடுவதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. கிளிஃபர்ட் கீர்ட்ஸ் 1980இல் எழுதிய ‘நெகாரா’வில் பாலி அரசை ஒரு நாடக மேடையாகக் காட்டினார், நீர்ப்பாசனம் அதற்கு வெளியே நடந்தது என்றார். நோர்ட்ஹோல்ட் மெங்வியின் சான்றுகளைக் காட்டி மறுத்தார். அரசர்களின் கை நீர்ப்பாசனத்திலும் இருந்தது என்றார். சமவெளியில் அந்த அகழியைப் பார்த்துவிட்டு ஏறியவர்கள் நோர்ட்ஹோல்ட் பக்கமே சாய்வார்கள். நீரை நேசித்த அரசன் அதை இலவசமாகக் கொடுத்ததாக எந்த ஊரிலும் வரலாறு இல்லை.

ஜாதிலுவியில் சோறும் மீனும் சாப்பிட்டோம். வயல்களைப் பற்றிச் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை, படங்கள் போதும்.

அங்கிருந்து இறங்கும் வழி தபனான் மாவட்டம். ஐம்பதாயிரம் ரூபியாத் தாளின் முன்பக்கத்தில் இருந்த குஸ்தி ஙுரா ராய் 1946 நவம்பர் 20 அன்று தன் ஆட்களோடு, மொத்தம் 96 பேராக, ஒல்லாந்தரை எதிர்த்து மாண்ட மார்கா இங்கேதான். நினைவுத்தூண் இருக்கிறது, விமான நிலையத்துக்கு அவர் பெயர் இருக்கிறது. அதே மாவட்டத்தில் 1965 கடைசியிலும் அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலும் மாண்டவர்களுக்கு வழிகாட்டிப் பலகை எதையும் நான் காணவில்லை. கம்யூனிஸ்ட்டுகள் என்று பெயரிடப்பட்டுப் பாலியில் கொல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ 80,000 பேர், தீவின் மக்கள்தொகையில் இருபதில் ஒருவர் என்று ஜெஃப்ரி ராபின்சன் கணிக்கிறார். அயலவரை அயலவரே காட்டிக்கொடுத்த காலம். நிலச் சீர்திருத்தத்தில் நிலம் கேட்டவர்களும் அதில் அடக்கம்.

ப்ளியிடம் கேட்டேன். சிறிது தூரம் பேசாமல் வந்தார். பிறகு, “என் தாத்தாவின் தம்பி. கூட்டத்துக்கு என்று கூப்பிட்டுப் போனார்கள். சாம்பல் கிடைக்கவில்லை, அதனால் சடங்கும் முழுதாக நடக்கவில்லை, பாக்” என்றார். உடல் இல்லாமல் கருமம் செய்வது எப்படி என்ற கேள்வியை எங்கள் வீடுகளில் கேட்டிருக்கிறேன். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

தனா லோட்டுக்கு ஐந்து மணிக்கு வந்து சேர்ந்தோம். பதினாறாம் நூற்றாண்டில் ஜாவாவிலிருந்து வந்த நிரார்த்தா என்ற துறவி, இந்தப் பாறையில் ஓரிரவு தங்கிக் கோயில் எழுப்பச் சொன்னார், தன் இடைக்கச்சையைப் பாம்புகளாக்கிக் காவல் வைத்தார் என்பது கதை. மஜாபாகித் அரசு சரிந்து, ஜாவா இஸ்லாத்துக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. சிலை இல்லாத வெற்று இருக்கையான பத்மாசனத்தைப் பாலிக்குக் கொடுத்தவரும் அவரே என்பார்கள். அந்த வெற்று இருக்கை நானூறு ஆண்டு கழித்து வேறொரு விதத்தில் உதவியது. சுதந்திர இந்தோனேசியா மதம் என்றால் ஒரே கடவுள் வேண்டும், நூல் வேண்டும் என்றது. பாலியரின் வழக்கம் அந்தப் படிவத்தில் பொருந்தவில்லை. தங்கள் சமயத்தை ஆகம தீர்த்தம், தீர்த்தத்தின் மதம், என்றும் அழைத்தவர்கள், சங் ஹ்யாங் விதி என்ற ஒரே இறைவனை முன்னிறுத்தி, ‘ஹிந்து’ என்ற பெயரோடு 1958இல் ஜகார்த்தாவிடம் ஏற்பு வாங்கினார்கள். சுகார்னோவின் தாயார் பாலிப் பெண் என்பது தடையாக இருந்திருக்காது. மறு ஆண்டே பரிசாதா என்ற சமயப் பேரவை உருவானது. இந்தியாவில் விஸ்வபாரதியில் படித்துத் திரும்பிய இடா பாகுஸ் மந்த்ரா போன்றவர்கள் அந்த வேலையில் முன்னின்றார்கள். காணொளி அனுப்பிய நண்பருக்கு நான் சொல்ல விரும்பியது இதைத்தான்: இங்கே நாங்கள் பார்க்கும் ‘எங்கள் மதம்’, பாலியர் தம் வழக்கம் அழியாமலிருக்க இருபதாம் நூற்றாண்டில் ஓர் அரசாங்கத்தோடு பேரம் பேசி எழுதிக்கொண்ட பெயரும்கூட.

அலை வடிந்திருந்தது. பாறையின் அடியில், கடலுக்கு நடுவே நன்னீர் ஊற்று ஒன்று. பூசாரிகள் தீர்த்தம் தெளித்து நெற்றியில் அரிசி ஒட்டினார்கள். மேலே ஏற அனுமதி இல்லை. பாறையைத் தொட்டுப் பார்த்தால், அதில் ஒரு பகுதி மனிதர் செய்தது. 1980களில் பாறை உதிர்ந்து கோயில் கடலில் விழுந்துவிடும் நிலை வந்தபோது, ஜப்பானிய அரசின் கடனுதவியோடு செயற்கைப் பாறை பொருத்தினார்கள். எது பழையது எது புதியது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. மேட்டில் ஆயிரம் கைபேசிகள் மேற்கு நோக்கி உயர்ந்திருந்தன.

ப்ளி கோயிலுக்கு முதுகைக் காட்டியபடி நின்றார். கரையின் மேற்புறம் புல்வெளி தெரிந்தது. 1993-94இல் அங்கே கோல்ஃப் மைதானத்தோடு உல்லாச விடுதி வருகிறது என்றதும், சுகார்த்தோ ஆட்சியின் இறுக்கத்திலும் பாலியில் மாணவர்களும் எழுத்தாளர்களும் தெருவுக்கு வந்தார்கள். கோயில்களைச் சுற்றி எவ்வளவு தூரம் புனித எல்லை என்று பரிசாதா 1994இல் ஒரு நெறிமுறையே வெளியிட்டது. விடுதி இருந்தும் கட்டப்பட்டது.

“அதில் எங்கள் சுபாக்கின் வயலும் இருந்தது” என்றார். “விற்றோம் என்றும் சொல்லலாம். வாய்க்காலில் நீர் நின்றுபோனால், வயலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?”

அவர் குடும்பத்தின் பங்கு கொஞ்சம் இன்னும் மேலே இருக்கிறதாம். அறுவடைக்கு மூன்று வாரம். அந்த வாரத்தில் மட்டும் பயணிகளை ஏற்றுவதில்லை என்று சொல்லிவிட்டு, வண்டிச் சாவியை எடுத்தார்.