துப்புரவு இல்லார் யாவர்?

சில ஆண்டுகளுக்கு முன் இளங்கலை வகுப்பொன்றில் திருக்குறளின் நல்குரவு அதிகாரத்தை நடத்திக்கொண்டிருந்தோம். அதன் இறுதிக் குறள் (1050) துப்புரவு இல்லாரைப் பற்றிப் பேசுகிறது. அவர்கள் யாவர் என்று கேட்டோம். மாணவர் ஒருவர் தயக்கமின்றி எழுந்து, “சுத்தமில்லாதவர்கள், ஐயா” என்றார். வகுப்பில் ஒருவரும் மறுக்கவில்லை. வறுமையைப் பாடும் அதிகாரத்தில் வறியவரை அழுக்கானவர் என்று வள்ளுவர் சொல்லியிருப்பார் என்பது அவர்களுக்கு இயல்பாகவே பட்டிருக்கிறது. நம்மை உறுத்தியது மாணவரின் பிழையன்று. அப்பிழை அத்துணை எளிதாகப் பொருந்திப் போனதே.

வள்ளுவர் கூறும் துப்புரவு நுகர்பொருள். உண்ணவும் துய்க்கவும் உரியவை யாவும் அச்சொல்லில் அடங்கும். வான்சிறப்பில் (12) துப்பு என்பது உணவையே குறிக்கிறது. ஊழ் அதிகாரத்திலும் (378) துப்புரவு இல்லார் வருகின்றனர். அங்கும் நுகர்ச்சிக்கு வழியற்றோர் என்பதே பொருள். ஆக, வறியவனிடம் இல்லாதது சோறு, சுத்தமன்று. துப்பு என்னும் சொல்லுக்குத் தூய்மை என்ற பொருளும் உண்டு. அவ்வழியே துப்புரவு பிற்காலத்தில் துடைப்பத்தின் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும் என்பது நம் கருத்து.

அங்ஙனமாயின் தூய்மைக்கு வள்ளுவர் கூறும் பொருள் யாது? உடம்பின் தூய்மையை நீரிடம் விட்டுவிட்டு, அகத்தின் தூய்மையை வாய்மையிடம் ஒப்படைக்கிறார் (298). அவாவின்மையே தூய்மை என்கிறார் (364). அமைச்சனுக்கு வினைத்தூய்மை என ஓர் அதிகாரமே (66) வகுக்கிறார். பிறப்பால் வரும் தூய்மை இவ்விடங்களில் எங்கும் பேசப்படவில்லை. ஒருவன் செய்வதும் விழைவதுமே அளவுகோல்.

தூய்மைக்குப் பழந்தமிழில் ‘வால்’ என்றொரு சொல்லும் உண்டு. வெண்மையும் அதன் பொருளே. ‘வாலறிவன்’ அதிலிருந்து வந்தது. விலங்கின் வாலோடு குழப்பிக்கொண்டு சிரிக்காத மாணவரை நாம் இன்னும் கண்டதில்லை. அதே சொல்லிலிருந்து ‘வாலாமை’ பிறந்தது, பொருள் தீட்டு. மாதவிடாய் நாள்களுக்கும் அப்பெயரை இட்டனர். தீட்டு என்னும் சொல்லையோ ‘தீண்டு’ என்பதன் வழிவந்ததாகக் கொள்வர். இங்கேதான் தூய்மை, செயலை விட்டு உடம்பின் மேலும் தொடுகையின் மேலும் ஏறுகிறது.

இந்த ஏற்றத்தைக் காட்டப் புறநானூற்றின் 311ஆம் பாட்டினும் சிறந்த சான்று நமக்குக் கிட்டவில்லை. ஔவையார் பாடியது. களர்நிலத்தில் கிணறு தோண்டி, நாள்தோறும் ஆடை வெளுக்கிறாள் ஒருத்தி. அவள் வெளுத்த ஆடையைத் தூய வெண்மையுடையது எனப் புகழ்கிறார் புலவர். பிறர் குறை முடிக்கும் தலைவன் ஒருவன் அதை உடுத்தித் தெருவில் அமர்கிறான். எருத்துகள் படிந்து அது மாசேறுகிறது. அம்மாசு அவனுக்கு இழிவாகவில்லை. ஆனால் ஆடையைத் தூய்மையாக்கியவளின் பெயர் என்ன? புலைத்தி. தூய்மைச் சொல்லும் புலைச் சொல்லும் அடுத்தடுத்து நிற்கின்றன. பிற்காலத்தில் ‘புலை’ ஊனையும் இழிவையும் தீட்டையும் குறிக்கலாயிற்று. வெளுத்த துணி தூயதாகவே இருக்க, வெளுத்த கைக்குத்தான் கறை.

சங்க காலத்தில் இக்கறை இல்லை என்று நாம் வாதிட வரவில்லை. 287ஆம் புறப்பாட்டு, துடி கொட்டுவோனைப் புலையன் என்று விளித்து, கூடவே இழிசினன் என்றும் விளிக்கிறது. பொற்காலம் என்று மேடையில் முழங்குவோர் அப்பாட்டை அருகில் வராமலே தாண்டிச் செல்வர்.

சுத்தம், புனிதம், பவித்திரம் முதலியன வடமொழி வரவுகள். கிறித்தவத் தமிழ் இவற்றை எவ்வாறு கையாண்டது என்பது தனிக் கட்டுரைக்குரியது. கத்தோலிக்கர் முன்பு போர்த்துகீசியத்தை ஒட்டி ‘இஸ்பிரீத்து சாந்து’ என்றனர்; பின்பு ‘பரிசுத்த ஆவி’ வந்தது; 1995-இல் வெளியான திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு ‘தூய ஆவி’ என்றது. வழிபாட்டில் சொல் மாறியபோது மதிப்பு குறையவில்லை. அங்கே சொல் நின்ற இடம் உயரமானது.

துப்புரவு நின்ற இடம் வேறு. நகராட்சி நிர்வாகத் தமிழில் அது குப்பை வாருதலுக்கும் சாக்கடை அள்ளுதலுக்கும் பெயராயிற்று. அலுவலகத்தில் அமர்ந்த துப்புரவு அலுவலருக்கு அச்சொல்லால் குறையொன்றும் நேரவில்லை. தெருவில் நின்ற துப்புரவுப் பணியாளருக்கோ அதுவே சாதிப் பெயர்போல் ஒட்டிக்கொண்டது. தமிழக அரசு 2020-இல் அவர்களைத் ‘தூய்மைப் பணியாளர்’ என்று பெயர் மாற்றியது. நல்ல நோக்கமே, குறை கூறுவதற்கில்லை. எனினும் வாலாமையும் புலையும் கடந்து வந்த வழியை அறிந்தவர்க்கு ஓர் அச்சம் எழாமற் போகாது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 1993-இலும், மீண்டும் விரிவாக 2013-இலும் இயற்றப்பட்டது. சாக்கடையில் இறங்கி மாண்டவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என உச்ச நீதிமன்றம் 2014-இல் கூறியது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சட்டம் வந்த பின்னும் சாவு நிற்காமையால் அன்றோ தொகையை உயர்த்த நேர்ந்தது? புதுப்பெயர் சூட்டப்பட்டு மூன்றாண்டு கழிந்த பின் வந்த தீர்ப்பு இது.

அன்றைய வகுப்பில் குறளின் பொருளைத் திருத்திச் சொன்னோம். மாணவர் குறித்துக்கொண்டார். மணி அடித்த பின் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி வந்து, “அப்படியானால் துப்புரவுப் பணியாளர் என்றால் சோறு போடுகிறவர் என்றுதானே ஐயா பொருள்?” என்று கேட்டார். இலக்கணப்படி அதில் பிழையில்லை என்றோம். எழுதிக்கொள்ளலாமா என்றார், எழுதிக்கொள்ளச் சொன்னோம்.