உப்பு போன பாதை

மரக்காணத்திலிருந்து சென்னைக்கு எப்படிப் போவீர்கள்? கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் பிடித்தால் சாப்பாட்டு நேரத்துக்குள் அடையாறு! நூறு வருஷத்துக்கு முன்னால் இதே கேள்வியை இந்த ஊர் உப்பளத்தில் கேட்டிருந்தால், 'காத்து எப்படி இருக்குன்னு பாருங்க' என்றுதான் பதில் வந்திருக்கும். ஏனென்றால் அன்றைய ஹைவே தண்ணீரில் இருந்தது. பெயர், பக்கிங்காம் கால்வாய்!

கூவத்தோடு சேர்த்து நாம் மூக்கைப் பொத்துகிற அதே கால்வாய்தான். ஆந்திராவின் பெத்தகஞ்சாம் பக்கம் தொடங்கி, கடலை ஒட்டியே சுமார் 420 கிலோமீட்டர் ஓடி வந்து மரக்காணத்தில் முடிகிறது. தமிழ்நாட்டுப் பங்கு மட்டும் சுமார் 163 கி.மீ. அது மரக்காணம் வரை வந்ததற்குக் காரணம் கேட்டால், ஊரே விரல் நீட்டிக் காட்டும்... உப்பு!

இங்கே உப்பு நேற்று வந்த தொழில் இல்லை. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்பது அறிஞர்கள் கருத்து. உமணர்கள் மாட்டுவண்டியில் உப்பு ஏற்றிப் போன நெய்தல் நிலம். கிழக்கிந்தியக் கம்பெனி 1805-ல் சென்னை மாகாணத்து உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. விளைவிப்பவன் ஒருத்தன், விலை வைப்பவன் இன்னொருத்தன். வணிகவியல் படித்தவன் என்கிற முறையில் சொல்கிறேன்... நஷ்டமே வராத பிசினஸ் அது. எந்தக் குடும்பமாவது 'இந்த மாசம் உப்பு வேண்டாம்' என்று சொல்லுமா?

கால்வாயின் முதல் துண்டை, சென்னையிலிருந்து எண்ணூர் வரை, 1806-ல் வெட்டியவர் பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வியாபாரி. பிறகு 1837-ல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. வடக்கே நெல்லூரைத் தாண்டியும் தெற்கே மரக்காணம் வரையும் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. உப்பும் விறகும் சென்னைக்குப் படகேறின. பேசின் பிரிட்ஜ் பக்கத்தில் 'சால்ட் கோட்டர்ஸ்' என்று ஓர் இடம் இருக்கிறதே... உப்பைக் குவித்து வைத்த இடம் என்பதால் வந்த பெயர்.

அந்தப் பயணம் எப்படி இருந்திருக்கும்? புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி மரக்காணத்தில் படகு ஏறுவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு பக்கம் வெள்ளை வெளேரென்று பாத்திகள். மறுபக்கம் மணல்மேடு, அதற்கு அப்பால் கடல் இரைச்சல். காற்று சாதகமாக இருந்தால் பாய் விரியும். இல்லாவிட்டால் ஒருத்தர் கழியால் தள்ள, இன்னொருத்தர் கரையில் இறங்கித் தோளில் கயிறு போட்டு இழுக்க வேண்டியதுதான். கடப்பாக்கத்துக் காயலோரம் ஆலம்பரைக் கோட்டை வரும். 1750-ல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1760-ல் ஆங்கிலேயர் இடித்த கோட்டை. அப்புறம் பாலாற்று முகத்துவாரம், சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம், கோவளம்... இரவானால் படகிலேயே தூக்கம். அவசரப்பட்டால் கதை நடக்காது!

பாரதிதாசன் இந்தக் கால்வாயில்தான் நண்பர்களோடு படகில் மாமல்லபுரம் போனார். அதைத்தான் 'மாவலிபுரச் செலவு' என்று கவிதையாக்கினார். ஜாலியான பயணப்பாட்டு என்று நினைத்து ஆரம்பித்தால், படகை இழுக்கிற மனிதனின் உழைப்பு நடுவில் வந்து நெஞ்சில் குத்தும்.

குத்த வேண்டிய விஷயம் இன்னொன்றும் உண்டு. 1876-ல் தொடங்கியது தாது வருஷப் பஞ்சம். இந்தியா முழுக்க ஐம்பது லட்சத்துக்கும் மேல் உயிர்கள் போயின என்பது மதிப்பீடு. நிவாரணம் சும்மா கிடைக்கவில்லை. வேலை செய்தால்தான் சோறு. 1877-ன் தொடக்கத்தில் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி கூலியைக் குறைத்தார். ஒரு ஆண் நாள் முழுக்க வேலை செய்தால் ஒரு பவுண்டு தானியம், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு. அதோடு ஓரணா. பசியில் சுருண்ட ஜனங்கள் அந்தப் பஞ்ச நாட்களில் மண் சுமந்துதான் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் எட்டு கிலோமீட்டர் துண்டு வெட்டப்பட்டது. வடக்கும் தெற்கும் ஒரே நீர்வழியானது. பெயர் மட்டும் அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவுக்கு!

அப்புறம் ரயிலும் லாரியும் வந்தன. 1960-களிலும் 70-களிலும் அடித்த புயல்கள் கால்வாயைத் தூர்த்தன. சென்னை நகரத்துக்குள் சாக்கடை கலந்தது. மீதிக்கு, பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே இறங்கின.

ஆனால், 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, பல இடங்களில் அலை நீரை இந்தக் கால்வாய் உள்வாங்கிக்கொண்டு, பின்னால் இருந்த ஊர்களுக்கு அடியைக் குறைத்தது என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2008-ல் இதை தேசிய நீர்வழி எண் 4-ன் பகுதியாக மத்திய அரசு அறிவித்தது. மரக்காணம் பக்கத்துக் கழுவெளி ஏரிக்கு 2024-ல் ராம்சார் அந்தஸ்தும் கிடைத்தது.

நீர்வழி என்று பெயர் கொடுத்தாயிற்று. இனி, நீரும் வேண்டும், வழியும் வேண்டும். என்றைக்காவது இதில் மறுபடி பாய் விரிந்தால் கரையில் ஒரு கல் நட வேண்டும். பிரபுவின் பெயரில் அல்ல... அரைக் கிலோ தானியத்துக்காக மண் சுமந்த, பெயர் தெரியாத அந்த ஜனங்களுக்காக!