முதுமையும் பருவமும்: செந்நிறத் திராட்சைமது பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

திராட்சைமது பழையதாகுந்தோறும் சிறப்படையும் என்பது பரவலாக நிலவும் ஒரு கருத்தாகும். எனினும், மதுவின் முதுமை மதிக்கப்பட்ட காலங்களும் உண்டு. இகழப்பட்ட காலங்களும் உண்டு. இவ்வேறுபாட்டை மக்களின் சுவையுணர்வு கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது. மதுவைக் காற்றினின்று காத்த கலத்தின் வரலாறே அதற்கு அடிப்படையாகும். எப்பொழுது அருந்துவது என்ற வினாவும் அக்கலத்தோடு பிறந்ததே.

உரோமர் தம் சிறந்த மதுவகைகளை அம்போரா எனப்படும் இருபிடி மட்சாடிகளில் இட்டு, வாயை அடைத்துப் பல்லாண்டுகள் பேணினர். 1945இல் அரிக்கமேட்டில் வீலர் நடத்திய அகழ்வில் இத்தகைய சாடிகளின் உடைவுகளும் வெளிப்பட்டன; யவனர் கொணர்ந்த தேறலைப் புறநானூறும் அறியும். ஒப்பிமியசு கொன்சலாயிருந்த கி.மு. 121இல் விளைந்த மது உரோமரிடையே பெரும்புகழ் பெற்றது. ஆனால், ஏறத்தாழ இருநூறாண்டுகளின் பின் எழுதிய பிளினி, அது கரடுமுரடான தேன்போல் ஆகிவிட்டதென்றும், தனித்து அருந்தவியலாது பிற மதுக்களுக்குச் சுவையூட்டவே உதவியதென்றும் குறிப்பிடுகின்றார். முதுமைக்கும் எல்லையுண்டு என்பதற்கு இது தக்க சான்றாகும்.

உரோமப் பேரரசின் வீழ்ச்சிக்குப்பின் ஐரோப்பாவில் மரப்பீப்பாவே மதுவுக்குரிய கலமாயிற்று. 1152இல் அக்குவித்தேன் நாட்டு எலினோர், பின்னர் இங்கிலாந்தின் அரசனான ஹென்றியை மணந்ததையடுத்து, போர்தோ மது இங்கிலாந்துக்குப் பெருமளவிற் செல்லும் வாய்ப்பு ஏற்பட்டது. பீப்பாவிலே மது குறையுந்தோறும் காற்று அவ்விடத்தை நிரப்ப, எஞ்சியது புளித்தது. ஆதலின் புதுமது வந்திறங்கியதும் முந்திய ஆண்டின் மது விலை வீழ்ந்தது. அக்காலத்தில் பழமை என்பது குறையே.

17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் நிலக்கரி உலைகளில் உறுதியான கண்ணாடி செய்யப்பட்டமை இந்நிலையை மாற்றத் தொடங்கியது. 18ஆம் நூற்றாண்டில் போத்தல் உருளை வடிவம் பெற்றது. அதனைக் கிடையாக அடுக்கி வைத்தபொழுது தக்கை நனைந்திருந்து, காற்றைப் பெரிதும் தடுத்தது. முதிர்ந்த மது மீண்டும் மதிப்புப் பெற்றது.

முதிர்ச்சியின் இயல்பை விஞ்ஞான முறையில் ஆராய்ந்தவர் பாஸ்ரர். 1866இல் வெளிவந்த தம் நூலில், மது முதிர்வதில் ஒட்சிசனுக்குள்ள பங்கை அவர் எடுத்துக்காட்டினார். துவர்ப்புத் தரும் தனின்களும் நிறப்பொருள்களும் காலப்போக்கில் ஒன்றோடொன்று இணைந்து, ஒரு பகுதி வண்டலாகப் படிகின்றது என்பது இன்று அறியப்பட்டுள்ளது. ஊதா சார்ந்த நிறம் செங்கல் நிறமாக மாறுகின்றது; துவர்ப்புத் தணிகின்றது. அதேவேளை கனியின் மணமும் மங்குகின்றது. துவர்ப்புத் தணிந்தும் கனிச்சுவை நீங்காதும் உள்ள இடைக்காலமே மது அருந்துதற்குரிய பருவமாகும்.

இப்பருவம் எல்லா மதுவுக்கும் வாய்ப்பதில்லை. 1975ஆம் ஆண்டின் போர்தோ மதுக்கள் பலவற்றில், வன்துவர்ப்பு அடங்குமுன்னரே கனிச்சுவை வற்றிவிட்டது. போத்தலைத் திறவாமல் உண்மையை அறிதலும் அரிது. திறந்தபின் அதனைக் காத்தலும் அரிது. எனவேதான் பன்னிரு போத்தல்களை ஒருங்கே வாங்கி, சில ஆண்டுகளுக்கொருமுறை ஒன்றைத் திறந்து சுவைத்து, எஞ்சியவற்றின் நிலையைக் கணிக்கும் வழக்கம் தோன்றியது.

இக்கணிப்பில் வல்லுநரும் தவறுவர். 1976 மே 24இல் பாரிசில், பெயர் மறைத்து நடத்தப்பட்ட சுவைத்தேர்வில், பிரெஞ்சு நடுவர்களே கலிபோர்னியச் செம்மது ஒன்றுக்கு முதலிடம் வழங்கினர். போர்தோ மது முதிர முதிர முந்திச்செல்லும் என்ற வாதம் பின்னர் எழுந்தது. முப்பதாண்டுகளின் பின், 2006இல் அதே மதுக்கள் மீண்டும் சுவைக்கப்பட்டபொழுது முதல் ஐந்து இடங்களையும் கலிபோர்னிய மதுக்களே பெற்றன.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, பழமை தானே ஒரு சிறப்பன்று என்பது தெளிவாகும். கலம் காலத்தை வழங்குகின்றது; அக்காலத்துள் பருவத்தைத் தெரிதல் மனிதர் பொறுப்பு. ஒப்பிமியசு ஆண்டின் மதுவைப் பேணியோர் அதன் புகழைக் காத்தனர், சுவையை இழந்தனர். பழமையைப் போற்றும் எவர்க்கும் இது பொருந்தும்.