தேர்க்காலும் எழுவாயும்

உரைநடை எழுதக் கற்பிக்கிறோம் என்ற பெயரில் நம் உயர்நிலைப் பள்ளிகளில் நடப்பது, பெரும்பாலும், ஒரு சட்டகத்தை நிரப்பப் பழக்குவதுதான். முன்னுரை, நாலைந்து உட்தலைப்புகள், நடுவே ஒரு மேற்கோள், முடிவுரை. பொருள் மரம் வளர்ப்பாக இருக்கலாம், நூலகமாக இருக்கலாம், சாலைப் பாதுகாப்பாகவும் இருக்கலாம். ஊற்றிக்கொள்ளும் பாத்திரம் ஒன்றே. சொல் தேர்வு என்று ஒன்று பேசப்பட்டால் அது எளிய சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கனத்த சொல்லை வைப்பது என்றே கொள்ளப்படுகிறது. எழுதுவது என்பது ஏற்கெனவே தெரிந்த உண்மைக்கு உடை மாட்டுவது என்ற நினைப்பு இதற்கெல்லாம் அடியில் இருக்கிறது.

சொல்லும் வாக்கிய அமைப்பும் உடை அல்ல. யார் செய்தார்கள், யாருக்கு நேர்ந்தது, பழி எங்கே போய் நிற்கிறது என்பவற்றைத் தீர்மானிப்பவை அவைதாம். இதை வாதமாகச் சொல்வதைவிட ஒரே கதையின் சரித்திரத்தைப் பின்தொடர்ந்து பார்ப்பது பயன் தரும். பள்ளியில் எல்லோரும் படித்த கதை: கன்றை இழந்த பசு அரண்மனை மணியை அடித்தது, அரசன் தன் மகனைத் தேர்க்காலில் இட்டான். நீதி தவறாத அரசன் என்று கீழே ஒரு வரி எழுதி நமக்கு மூடிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் இந்தக் கதையைச் சொன்னவர்கள் ஒவ்வொருவரும் வேறு வேறு வாக்கியத்தில் சொல்லியிருக்கிறார்கள். வாக்கியம் மாறும்போது நீதியும் மாறுகிறது.

சிலப்பதிகாரத்தில் வழக்குரை காதை. பாண்டியன் முன் நிற்கும் கண்ணகி, தன் ஊர் எது என்று சொல்லும்போது இக்கதையைத் தொட்டுச் செல்கிறாள். அங்கே கன்றைப் பற்றிய பேச்சே இல்லை. மணியின் நடுக்கமும் பசுவின் கண்ணீரும் மட்டுமே. வாயிலில் தொங்குவதற்கும் கண்ணின் ஓரத்துக்கும் கடைமணி என்ற ஒரே சொல். அந்த ஒரு சொல்லால் இளங்கோ அரண்மனையையும் பசுவையும் கட்டிவிடுகிறார். பிறகு வருகிற வினை, அரசன் தன் மகனை மடித்தான் என்பது. மடிந்தான் என்றால் தானே செத்தான். மடித்தான் என்றால் சாகச் செய்தான். ஒரு மெல்லினம் போய் அங்கே வல்லினம் வந்து உட்காருகிறது, கொலை ஒரு கைக்கு வந்துசேருகிறது. திருந்தினான், திருத்தினான், அடங்கினான், அடக்கினான் என்று தன்வினை பிறவினைக்கு நாம் ஒப்பித்த பட்டியலில் இத்தனை பெரிய காரியம் ஒளிந்திருப்பதை எந்த ஆசிரியரும் எனக்குச் சொன்னதில்லை. கண்ணகிக்கு இந்த வினை தேவைப்படுகிறது. தன் புருஷனைக் கொல்வித்த அரசனுக்கு எதிரே, தன் மகனையே மடித்த அரசனை அவள் நிறுத்துகிறாள். கன்று அவள் வழக்குக்கு அவசியமில்லை. விட்டுவிட்டாள்.

இலங்கையின் பாலி நூல் மகாவம்சம். ஐந்தாம் நூற்றாண்டை ஒட்டியது, மகாநாம தேரர் இயற்றியதாகச் சொல்லப்படுவது. அதன் 21ஆம் அத்தியாயத்தில் இந்தக் கதை எல்லாளனுடையது. சோழ நாட்டிலிருந்து வந்து அநுராதபுரத்தைப் பிடித்து 44 வருஷம் ஆண்டவன். நூலின் நாயகன் துட்டகைமுனு, எல்லாளனைக் கொன்றவன். ஆக இது எதிர்த் தரப்பின் சரித்திரம். கதை மிகச் சில சுலோகங்களில் முடிந்துவிடுகிறது. தாயோடு வழியில் படுத்திருந்த கன்றின் கழுத்தில் சக்கரத்தை ஏற்றி இளவரசன் அதைக் கொன்றான், அறியாமல். எழுவாய் இளவரசன், வினை கொன்றான். 'அறியாமல்' என்ற அடை அந்தப் பழியைக் குறைக்கிறதே தவிர நீக்கவில்லை. அடுத்து, அரசன் அதே சக்கரத்தால் மகனின் தலையை அறுபடச் செய்தான். செய்வித்தான், செய்யவில்லை. யார் கையால் என்ற தகவல் கிடையாது. மகன் எழுந்து வரவும் இல்லை. பகைவனைப் புகழ வேண்டிவந்த வரலாற்றாசிரியன் விவரத்தைக் கொடுத்துவிட்டு உணர்ச்சியைத் தன்னிடமே வைத்துக்கொண்டான் என்றுதான் இதைப் படிக்கத் தோன்றுகிறது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் கதையைத் திருவாரூரில் வைக்கிறார். பெரியபுராணத்தின் திருநகரச் சிறப்பில் நாற்பது பாடல்களுக்குள் அடங்கும் பகுதி. மகாவம்சத்தில் இல்லாத ஒரு பாத்திரம் இங்கே இருக்கிறது: அமைச்சன். பசு ஏன் மணியடித்தது என்று அரசன் கேட்கும்போது விஷயத்தைச் சொல்ல வேண்டியவன் அவன். அவன் சொல்லும் முறை கவனத்துக்குரியது. உன் மகன் தேரேறிப் போனான், படை சூழப் போனான். ஒரு கன்று தேர்க்காலின் இடையே புகுந்து இறந்தது. கொன்றான் என்ற சொல் இல்லை. புகுந்ததும் கன்று, இறந்ததும் கன்று. இளவரசன் முந்திய வாக்கியத்தில் தேரோட்டிக்கொண்டு கௌரவமாகப் போய்விட்டான். பொய் ஒன்றும் சொல்லப்படவில்லை. எழுவாய் மட்டும் இடம் மாறியிருக்கிறது. நமது இலக்கியத்தில் இவ்வளவு நேர்த்தியான அரசாங்க அறிக்கை எனக்குத் தெரிந்து இன்னொன்றில்லை.

அரசன் அந்த வாக்கியத்தை ஒப்புக்கொள்ள மறுப்பதுதான் சேக்கிழாரின் கதை. அமைச்சர்கள் பிராயச்சித்தம் சொல்கிறார்கள், அவன் மறுக்கிறான். மகனைத் தேர்க்காலில் இடும்படி ஓர் அமைச்சனுக்கு ஆணையிடுகிறான். அவன் போய்த் தன் உயிரை விடுகிறான். பிறகு அரசன் தானே தேரை ஓட்டுகிறான்.

பள்ளி இலக்கணத்தில் மூன்றாம் வேற்றுமை நடத்தும்போது கருத்தா இரண்டு வகை என்று சொல்லிக்கொடுப்பார்கள். அரசன் கோயில் கட்டினான் என்றால் ஏவுதல் கருத்தா. தச்சன் கட்டினான் என்றால் இயற்றுதல் கருத்தா. இரண்டு மார்க் கேள்வி. மகாவம்சத்தின் எல்லாளன் ஏவுதல் கருத்தாவாகவே நின்றுவிடுகிறான். சேக்கிழாரின் சோழன் ஏவுதல் கருத்தாவாக ஆரம்பித்து, ஏவப்பட்டவன் செத்துவிழுந்த பிறகு இயற்றுதல் கருத்தாவாக ஆகிறான். ஆணையிட்டுவிட்டு ஒதுங்கி நிற்க முடியாது என்பதே இந்தப் பகுதியின் சாரம். இறைவன் வந்து கன்றையும் அமைச்சனையும் மகனையும் எழுப்பித் தருவது அதற்குப் பிறகு. அமைச்சன் கதைக்குள் வந்தது கருணைக்காக என்று உரை சொல்வார்கள். வாக்கிய இலக்கணத்துக்காகவும் வந்திருக்கிறான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கதை அச்சுக்கும் உரைநடைக்கும் வருகிறது. 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர், 1852இல் பெரியபுராணத்தை வசனமாக வெளியிட்டார். பாலபாடங்கள் எழுதியவர், தமிழ் வசனத்தில் நிறுத்தக்குறிகளைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர். அவர் நோக்கம் தெளிவு. நிகழ்ச்சி வரிசை கலையாமல் செய்யுளின் பொருளை உரைநடைக்கு மாற்றுகிறார். இரண்டு வருஷம் கழித்து, 1854இல், சென்னையில் இருந்த இராமலிங்க அடிகள் மனுமுறை கண்ட வாசகம் எழுதினார். பின்னாளில் அருட்பா, மருட்பா சர்ச்சையில் எதிரெதிரே நிற்கப்போகிற இருவர், முப்பது வயதையொட்டி, ஒரே கதையை ஒரே உரைநடைக் காலத்தில் எழுதியிருக்கிறார்கள். தமிழ் வகுப்புக்கு இதைவிட நல்ல பாடம் அமையாது. அமைந்தும் யாரும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடத்தக் காணோம்.

அடிகள் கதையை நீட்டுகிறார். இளவரசனுக்கு வீதிவிடங்கன் என்ற பெயர் வருகிறது. மணியோசை கேட்ட அரசன், என்ன நேர்ந்தது என்று தெரிந்துகொள்ளும் முன்பே, தான் என்ன பாவம் செய்தோம் என்று கேட்டுக்கொள்ள ஆரம்பிக்கிறான். டஜன் கணக்கில் கேள்விகள். குடிகளுக்கு வரியை ஏற்றியது, வேலை வாங்கிக்கொண்டு கூலியில் குறைத்தது, ஏழையின் வயிறெரியச் செய்தது என்று பட்டியல் போகிறது. எல்லாம் தன்மை ஒருமையில் முடிந்து ஓகாரத்தில் நிற்பவை. நான் என்ற சொல் தேவைப்படவில்லை. இங்கிலீஷில் ஒவ்வொரு தடவையும் அந்த 'ஐ'யைத் தூக்கி முன்னால் நிறுத்தியாக வேண்டும். தமிழில் வினைமுற்றின் வாலிலேயே ஆள் இருக்கிறான். தோன்றா எழுவாய் என்று இலக்கணம் இதற்குப் பெயர் வைத்திருக்கிறது. தோன்றாமல் இருந்துகொண்டே ஒவ்வொரு வாக்கியத்தின் இறுதியிலும் வந்து குத்துகிற எழுவாய். சேக்கிழாரின் அரசன் பிறர் மாற்றிச் சொன்ன வாக்கியத்தைத் திருத்தினான். அடிகளின் அரசன், இன்னும் யாரும் சொல்லாத வாக்கியத்துக்குத் தன்னை எழுவாயாக்கிக்கொள்கிறான். அரச நீதி, மன உறுத்தலாக மாறுகிற இடம் இது. நவீனம் என்று நாம் பேசுவதன் ஒரு தொடக்கம் இங்கே இருக்கிறது என்பேன். திரும்பத் திரும்ப வரும் அந்த அமைப்பை எடுத்துவிட்டுக் கருத்தை மட்டும் ஒரு பத்தியில் சுருக்கிப் பாருங்கள். நீதிபோதனை மிஞ்சும், அரசன் மிஞ்சமாட்டான்.

அடிகள் ஏழுகிணற்றுப் பக்கம் குடியிருந்த அந்த வருஷங்களில் திருவொற்றியூர்க் கோயிலுக்கு நடந்து வந்துகொண்டிருந்தவர். அந்தக் கோயிலில் வியாகரணம் கற்பிப்பதற்கென்றே ஒரு மண்டபம் இருந்ததைச் சோழர் காலக் கல்வெட்டு சொல்கிறது. நான் குடியிருக்கும் சாத்தாங்காடு அதற்கு அடுத்தாற்போல. இரும்பு எஃகு அங்காடியும், துறைமுகத்துக்குப் போகவும் வரவும் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளும்தான் இப்போது இங்கே பிரதானம். தேர்க்கால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புராணப் பொருள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேர் என்னிடம் கட்டுரை எழுதிப் பழக வருகிறார்கள். இந்தக் கதையின் வடிவங்களைப் படித்துக் காட்டிய பிறகு, எல்லோருக்கும் தெரிந்த ஒரு சம்பவத்தை ஒரே வாக்கியத்தில் எழுதச் சொன்னேன். தெருமுனையில் ஒரு நாய் டிரெய்லரில் அடிபட்டது. நாய் லாரியில் விழுந்து செத்தது என்று ஒருவன். லாரி மோதி நாய் பலி என்று இன்னொருவன், பத்திரிகைத் தமிழில். டிரைவர் நாயைக் கொன்றான் என்று ஒரு பெண். இந்த மூன்றாவது வாக்கியத்தைச் சரி என்று நான் சொல்லிவிடுவேன் என எதிர்பார்த்தார்கள். அதற்குள் நாலாமவன் குறுக்கிட்டான். அவன் அப்பா டிரெய்லர் ஓட்டுகிறவர். "அது மட்டும் எப்படி சார் நியாயம்? ரெண்டு நாள் தூங்காதவன் கையில வண்டியைக் குடுத்து அனுப்பினவங்க அதுல எங்க இருக்காங்க?" என்றான். அந்தப் பெண் விடவில்லை: "நாய் மேல ஏறினது அவங்க இல்லையே." ஏவுதல் கருத்தா, இயற்றுதல் கருத்தா என்று புத்தகத்தில் படித்தது இதைத்தான் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர்களே சொன்னார்கள்.

பலி என்ற சொல்லையும் அன்று பேசினோம். தெய்வத்துக்குக் கொடுப்பது பலி. லாரி மோதி மாணவன் பலி என்று அச்சாகும்போது கொடுத்தவர் யார், வாங்கிக்கொண்ட தெய்வம் எது என்று கேட்க வழியில்லாமல் அந்தச் சொல் முந்திக்கொண்டு கதவைச் சாத்திவிடுகிறது. மோதுவது லாரி, பலியாவது மாணவன். மனிதர் வேறு யாரும் இல்லாத ஒரு வாக்கியம். சேக்கிழாரின் அமைச்சன் இன்றும் உத்தியோகத்தில் இருக்கிறான். ஒரே வித்தியாசம், அவன் வாக்கியத்தை இப்போது யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

கவிதைகளை ஆசிரியர் பெயர் இல்லாமல் மாணவர்களிடம் கொடுத்து, அவர்கள் படித்த விதத்தை ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் ஆராய்ந்து நூலாக வெளியிட்டது 1929இல். பெயருக்கும் புகழுக்கும் அப்பால் சொற்களைப் பார்க்கும் அந்தப் பயிற்சி, தமிழில் சி. சு. செல்லப்பாவின் அலசல் விமர்சனத்தோடு, 1959இல் அவர் தொடங்கிய 'எழுத்து' மூலம் சிறுபத்திரிகைகளுக்கு வந்துசேர்ந்தது. வந்தது நம்மோடு நின்றுவிட்டது. கவிதையின் படிமத்தை அலசினோம். செய்தியின் வாக்கியத்தை, மன்னிப்புக் கடிதத்தை, ஆபீஸ் குறிப்பைத் தீண்டவில்லை. வங்கியில் தினம் நான் கையாளும் கடிதங்களில் 'முடிவு செய்யப்பட்டுள்ளது', 'நிராகரிக்கப்பட்டது' என்றே வரும். முடிவு செய்தவர் அந்தத் தமிழில் பிறக்கவே இல்லை. 'செயப்பாட்டுவினையாக மாற்றுக' என்ற பரீட்சைக் கேள்விக்கு முழு மார்க் வாங்கியவர்கள்தாம் இதை எழுதுகிறார்கள். இரண்டும் ஒரே பொருள் என்றுதானே அவர்களுக்குக் கற்பித்தோம்.

அந்தக் கேள்வியை எடுத்துவிட வேண்டாம். மாற்றச் சொல்லட்டும். மாற்றிய பிறகு, இந்த வாக்கியத்திலிருந்து வெளியே போனவர் யார் என்று இரண்டாவதாக ஒரு கேள்வி சேர்க்கட்டும். அதற்குக் கனத்த சொற்கள் வேண்டாம், முன்னுரையும் முடிவுரையும் வேண்டாம். இலக்கணம் ஏற்கெனவே கையில் இருக்கிறது.