ஃபெராரா அரசவைப் பாடகியர் குழு

16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வட இத்தாலியின் ஃபெராரா நகரில், எஸ்தே குடியைச் சேர்ந்த கோமகன் இரண்டாம் அல்ஃபோன்சோவின் அரண்மனையில் பாடிய பெண்கள் குழு. இத்தாலியத்தில் 'கொன்செர்த்தோ தெல்லே தொன்னே' எனப்படும்.

1570களில் இந்த அவையின் உயர்குடிப் பெண்கள் சிலர் தொழிலாக அல்லாமல் விருப்பத்தால் பாடிவந்தனர். இவர்களைக் குழுவின் முதல் தலைமுறையாகக் கொள்வாரும் உண்டு. தனி மரபாகப் பிரிப்பாரும் உண்டு.

1579இல் அல்ஃபோன்சோ, மாந்துவாவின் மார்கெரித்தா கொன்சாகாவை மணந்தார். அதையடுத்து லௌரா பெவெரரா, லிவியா தார்க்கோ, அன்னா குவரினி ஆகியோர் கோமகளின் தோழியராக அமர்த்தப்பட்டனர். பெயரளவில் தோழியர், அவர்களுக்கு இடம் தேடித்தந்தது குரல்தான். லௌரா ஹார்ப், லிவியா வயோலா, அன்னா லூட் என வாசித்துக்கொண்டே பாடினர். அன்னா, கவிஞர் ஜொவான்னி பத்திஸ்தா குவரினியின் மகள். லௌராவைப் போற்றிக் கவிஞர் தொர்க்குவாத்தோ தாசோ கவிதைகள் இயற்றினார். அரசவை இசையமைப்பாளர் லுட்சாஸ்கோ லுட்சாஸ்கி ஹார்ப்சிகார்டில் துணைநின்றார். பொதுமக்களுக்கு அனுமதியில்லை, அரண்மனைக்குள் தேர்ந்த சிலரே கேட்டனர். மூன்று சொப்ரானோ குரல்களும் இம்மியும் பிசகாமல் சேர்ந்து உதிர்த்த பிருகாக்களே குழுவின் தனிப்புகழ். அவற்றில் பலவும் அந்த நேரத்துக் கற்பனையல்ல; முன்பே எழுதி மனனம் செய்யப்பட்டவை. அந்த உழைப்பு தனியே குறிப்பிடத்தக்கது. 1584இல் அங்கே குழுவின் பாடலைக் கேட்ட இசையமைப்பாளர் அலெஸ்ஸாந்த்ரோ ஸ்ட்ரிஜ்ஜோ, ஃப்ளாரன்ஸ் கோமகனுக்கு வியப்போடு கடிதங்கள் எழுதினார். ஃப்ளாரன்ஸும் மாந்துவாவும் இதே பாணியில் குழுக்களை அமைத்தன.

கல்வியில் புகழ்பெற்ற தர்க்குவீனியா மொல்சாவும் இந்த அவையில் இருந்தார். அவர் மற்ற மூவரோடு சேர்ந்து பாடினாரா, அறிவுரையாளராக மட்டும் இருந்தாரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இசையமைப்பாளர் ஜியாக்கெஸ் தெ வெர்ட்டுடனான உறவு காரணமாக 1589இல் விலக்கப்பட்டார்.

1597இல் அல்ஃபோன்சோ வாரிசின்றி இறந்தார். மறு ஆண்டு ஃபெராரா போப்பின் ஆட்சிக்குச் சென்றது, குழு கலைந்தது. அதே 1598இல் அன்னாவை அவருடைய கணவரே கொன்றார்.

கோமகன் இருந்தவரை வெளியிடப்படாத பாடல்களில் 12 மத்ரிகல்களை லுட்சாஸ்கி 1601இல் ரோமில் அச்சிட்டார். ஒன்று, இரண்டு, மூன்று சொப்ரானோ குரல்களுக்கானவை; அலங்காரங்களும் ஹார்ப்சிகார்டு பகுதியும் முழுமையாக எழுதப்பட்டுள்ளன.

இசையியல் அறிஞர் அந்தோனி நியூகோம் 1980இல் வெளியிட்ட ஆய்வுநூலுக்குப் பின் இக்குழு பரவலாக அறியப்பட்டது. இப்பாடல்களின் ஒலிப்பதிவுகளும் வந்துள்ளன. குழுவின் குரலுக்கு மிக நெருக்கமான சான்றாக நிற்பது 1601ஆம் ஆண்டுப் பதிப்பே.