பெயர்களைக் காத்த பெண்கள்



நாள்தோறும் காலையில் வருகைப் பதிவேட்டைத் திறந்து மாணவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக அழைக்கின்றோம். பல ஆண்டுகளாகச் செய்துவரும் பணியாதலால், பதிவேட்டில் ஒரு பெயர் இருப்பதன் அருமையை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் 1850ஆம் ஆண்டிலும் 1860ஆம் ஆண்டிலும் எடுக்கப்பட்ட அடிமைகள் கணக்கெடுப்பைப் பற்றிப் படித்தபோதுதான் அவ்வருமை எனக்கு உறைத்தது. அப்பதிவேடுகளில் அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவரின் பெயர் இருக்கும். அடிமைகளுக்கோ அகவை, பால், நிறம் ஆகியவை மட்டுமே குறிக்கப்பட்டன. பெயர் பெரும்பாலும் எழுதப்படவில்லை. 1865இல் அடிமைமுறை ஒழிந்த பின்னர், 1870ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்தான் அவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கள் முதன்முறையாக ஏட்டில் ஏறின.

இத்தகைய நிலையில் ஆப்பிரிக்க வழிவந்த பெண்களின் வரலாறு நமக்கு எப்படிக் கிடைத்தது? அது தானாகக் கிடைக்கவில்லை. சில பெண்கள் திட்டமிட்டுக் காத்ததனால் கிடைத்தது. அவர்களுள் முதன்மையானவர் நம்மைப் போன்ற ஓர் ஆசிரியை.

ஒன்றரை டாலரில் ஒரு பள்ளி

மேரி மெக்லவுட் பெத்தூன் 1875ஆம் ஆண்டில் தென் கரோலினா மாநிலத்தில் பிறந்தார். பெற்றோர் இருவரும் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். பதினேழு பிள்ளைகளுள் இவர் பதினைந்தாமவர். சிறுமியாக இருந்தபோது, தாயார் வேலை செய்த வெள்ளையர் வீட்டில் ஒரு புத்தகத்தை ஆவலுடன் கையில் எடுத்தார். 'உனக்குப் படிக்கத் தெரியாது, கீழே வை' என்னும் பொருள்பட அவ்வீட்டுப் பிள்ளை அதட்டியது. தமக்கும் பிறருக்கும் இடையிலான வேறுபாடு படிப்பில்தான் இருக்கிறது என்று அன்றே உணர்ந்ததாகப் பின்னாளில் அவர் நினைவுகூர்ந்துள்ளார்.

1904ஆம் ஆண்டு அக்டோபரில், புளோரிடாவின் டேட்டோனா நகரில், கையிலிருந்த ஒன்றரை டாலரைக் கொண்டு ஐந்து மாணவிகளுடன் ஒரு பள்ளியைத் தொடங்கினார். கரிந்த மரச்சிராய்கள் எழுதுகோல்களாயின; காட்டுப்பழச் சாறு மையாயிற்று; மரப்பெட்டிகள் மேசைகளாயின. சர்க்கரைவள்ளிக்கிழங்கில் பலகாரம் செய்து விற்றுப் பள்ளிக்குப் பொருள் சேர்த்தார். அப்பள்ளி வளர்ந்து கல்லூரியாகி, இன்று பெத்தூன்-குக்மன் பல்கலைக்கழகமாக விளங்குகிறது.

ஏடுகளைத் தேடிய பெண்கள்

இந்த வெற்றிக் கதையைப் பலரும் எழுதியுள்ளனர். நான் சொல்ல விழைவது அதற்குப் பிற்பட்ட செய்தி. 1935ஆம் ஆண்டில் பெத்தூன் அம்மையார் பல்வேறு கறுப்பினப் பெண்கள் சங்கங்களை ஒன்றிணைத்து, கறுப்பினப் பெண்களின் தேசிய மன்றத்தை நிறுவினார். வேலைவாய்ப்பு, வாக்குரிமை என உடனடித் தேவைகள் மலைபோல் குவிந்திருந்த காலம் அது. அக்காலத்திலேயே அம்மன்றம் பெண்களின் கடிதங்கள், படங்கள், கூட்டக் குறிப்புகள் ஆகியவற்றைத் திரட்டவும் முனைந்தது. வயிற்றுப்பாட்டுக்கு வழி தேடும் வேளையில் பழந்தாள்கள் எதற்கு என்று அவர்கள் தள்ளிவிடவில்லை.

அப்பணியில் துணைநின்றவர்களுள் ஒருவர், ஹோவர்ட் பல்கலைக்கழக நூலகர் டோரத்தி போர்ட்டர். அக்கால நூலகங்களில் கறுப்பினத்தவர் எழுதிய நூல் கவிதையாக இருந்தாலும் வரலாறாக இருந்தாலும், குடியேற்றத்திற்குரிய 325, அடிமைமுறைக்குரிய 326 ஆகிய இரண்டு எண்களின்கீழ் அடுக்கும் வழக்கம் இருந்தது. டோரத்தி போர்ட்டர் அதை ஏற்கவில்லை. கவிதையைக் கவிதையோடும் வரலாற்றை வரலாற்றோடும் சேர்த்து வகைப்படுத்தினார். ஒரு நூல் எந்த அடுக்கில் இருக்கிறது என்பதும் மதிப்பைப் பற்றிய கேள்விதான் என்பதை அவருடைய பணி நமக்கு உணர்த்துகிறது.

மற்றொருவர் சூ பெய்லி தர்மன். இவர் 1935-36ஆம் ஆண்டுகளில் கணவருடன் இலங்கை, இந்தியா, பர்மா ஆகிய நாடுகளில் நல்லெண்ணப் பயணம் மேற்கொண்டு, பர்தோலியில் காந்தியடிகளைச் சந்தித்தவர். நாடு திரும்பிய பின் 1940இல் மன்றத்தின் இதழுக்கு முதல் ஆசிரியரானார். 1958இல் அவர் தொகுத்து மன்றம் வெளியிட்ட சமையல் நூல் ஒன்று வியப்பிற்குரியது. கறுப்பின மக்களின் வரலாற்று நாள்களை நாட்காட்டி முறையில் வரிசைப்படுத்தி, அவற்றோடு சமையல் குறிப்புகளை இணைத்திருந்தார். வரலாற்று நூலைத் தொடாத வீட்டிலும் அடுக்களை வழியாக வரலாறு நுழைந்தது.

சிலைகள் பின்னர் வந்தன

பெத்தூன் அம்மையார் 1955இல் மறைந்தார். வாசிங்டனில் மன்றத்தின் தலைமையகமாக விளங்கிய அவரது இல்லம் 1979இல் அருங்காட்சியகமாகவும் கறுப்பினப் பெண்கள் வரலாற்றுக்கான தேசிய ஆவணக் காப்பகமாகவும் திறக்கப்பட்டது. 1994இல் அவ்வில்லம் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பிற்கு வந்தது.

அதற்கு முன்பே, 1974இல், அந்நகரின் லிங்கன் பூங்காவில் மன்றத்தின் முயற்சியால் அம்மையாருக்குச் சிலை எழுந்தது. அதில் அவர் இரண்டு குழந்தைகளிடம் ஓர் ஏட்டுச்சுருளை நீட்டுகிறார். அதே பூங்காவில், லிங்கனின் அருகில் விலங்கறுந்த கறுப்பினத்தவர் ஒருவர் மண்டியிட்டிருக்கும் பழைய சிலையும் உண்டு. புதிய சிலை வந்தபோது, அதனை நோக்கும்படி பழைய சிலையைத் திருப்பி வைத்தார்கள். 2022ஆம் ஆண்டில் புளோரிடா மாநிலம் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் அம்மையாரின் பளிங்குச் சிலையை நிறுவியது. அதற்கு முன் அம்மாநிலத்தின் சார்பில் நின்றிருந்தது, உள்நாட்டுப் போரில் அடிமைமுறை மாநிலங்களின் பக்கம் நின்ற ஒரு படைத்தலைவரின் சிலை. அம்மண்டபத்திற்கு ஒரு மாநிலம் கறுப்பினத்தவர் ஒருவரின் சிலையை அனுப்பியது அதுவே முதல்முறை.

சிலைகளைக் கொண்டாடுவோம், அது தகும். ஆனால் ஆண்டுகளின் வரிசையைச் சற்று உற்று நோக்குங்கள். சிலை கடைசியாக வருகிறது. அதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே யாரோ ஒரு பெண் ஒரு கடிதத்தைக் கிழித்தெறியாமல் வைத்திருக்கிறார். வேறொரு பெண் அதற்குத் தேதியிட்டுப் பெயரெழுதி உறையிலிட்டிருக்கிறார். அந்தச் சிறு வேலை நடைபெறாதிருந்தால், ஒன்றரை டாலர்ப் பள்ளியும் காற்றோடு போயிருக்கும்.

வரலாற்றுப் பாடத்தில் இப்பெண்களைப் பற்றிச் சொல்லும்போது, சாதனைகளை மட்டும் பட்டியலிட்டு நிறுத்திவிட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். அச்செய்தி எந்த ஏட்டிலிருந்து கிடைத்தது, அதை யார் காத்தார் என்னும் கேள்வியையும் மாணவர்முன் வைப்போம். பெற்றோர்களே, உங்கள் வீட்டுப் பழைய படங்களின் பின்புறத்தில் அதிலுள்ள பெண்களின் பெயர்களை இன்றே பிள்ளைகளைக் கொண்டு எழுதச் செய்யுங்கள். பெயரறிந்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.

நாளைக் காலை பதிவேட்டைத் திறக்கும்போது, ஒவ்வொரு பெயரையும் சற்று நிறுத்தி, முழுமையாக அழைக்க எண்ணியிருக்கின்றேன்.