இடுகாடும் குடிவழி வரலாறும்

தன் பாட்டனாரின் பெயரை அறியாதார் நம்மில் ஒருவரும் இலர். பாட்டனாரின் பாட்டனார் பெயரை அறிந்தாரோ மிகச் சிலர். வகுப்பில் குடிவழிப் பட்டியல் ஒன்றை எழுதிவருமாறு மாணவர்களைப் பணிக்கும் போதெல்லாம், நம் குடிப் பிள்ளைகளின் ஏடு மூன்றாம் தலைமுறையோடு நின்றுவிடுவதைக் கண்டிருக்கிறேன். இது அப்பிள்ளைகளின் குறையன்று. அரசர்க்குக் கல்வெட்டும் செப்பேடும் இருந்தன. நிலமுடையார்க்குப் பட்டாவும் பத்திரமும் இருந்தன. நிலமும் எழுத்தும் ஒருங்கே மறுக்கப்பட்ட மக்களுக்கு எஞ்சிய ஆவணம் யாது? ஊருக்குப் புறத்தே, ஆற்றங்கரையிலும் ஏரிப்புறத்திலும் ஒதுக்கித் தரப்பட்ட இடுகாடே அது. நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், இளைஞர்கள் அவ்விடத்தை வரலாற்றுக் கண்கொண்டு நோக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேலை நாடுகளில் தம் குடிவழியைத் தேடுவோர் முதலில் நாடிச் செல்லும் இடங்களுள் பழைய கல்லறைத் தோட்டமும் ஒன்று. ஒரு கல்லில் பெயர், தந்தை பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, தொழில், பிறந்த ஊர் ஆகியவை கிடைக்கின்றன. அடுத்தடுத்த கல்லறைகள் உறவைச் சுட்டுகின்றன. ஒரே ஆண்டில் பலர் மாண்டிருந்தால் கொள்ளை நோயையோ பஞ்சத்தையோ ஐயுற வேண்டியுள்ளது. ஏட்டில் படித்த பெயர் பொறிக்கப்பட்ட கல்லின்முன் நிற்கும்போது, முன்னோர் கதையில் வரும் மாந்தராக இல்லாமல் மண்ணில் வாழ்ந்த மாந்தராகத் தோன்றுகின்றனர். அத்தேடலின் ஈர்ப்பு இதுவே.

தமிழருக்கு இம்மரபு புதிதன்று. வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டுப் பெயரும் பீடும் எழுதும் வழக்கம் நம் நாட்டில் ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது. 2006ஆம் ஆண்டில் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கண்டறியப்பட்ட தமிழி எழுத்து நடுகற்கள் இதற்குச் சான்று. செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று கிடைத்தது. வீரனின் பெயரோடு, கள்வரைக் கடித்துத் தன் தலைவனுக்குத் துணைநின்ற ‘கோவிவன்’ என்னும் நாயின் பெயரும் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. 1400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு நாயின் பெயரை நாம் இன்று அறிவோம். நூறாண்டுகளுக்கு முன் ஏர் உழுது, ஏரி வெட்டி, ஊரைக் காத்த நம் பூட்டனாரின் பெயரை அறியோம். கல்லில் ஏறிய பெயர் வாழ்ந்தது. ஏறாத பெயர் மறைந்தது.

பெயர் கல்லில் ஏறியதால் ஒரு சமூகமே தன் வரலாற்றை மீட்டதும் உண்டு. 1818 சனவரி 1 அன்று மராட்டிய மண்ணில், பீமா ஆற்றங்கரைக் கோரேகானில் பேஷ்வாவின் படைக்கும் கும்பெனிப் படைக்கும் போர் நிகழ்ந்தது. அங்கு எழுப்பப்பட்ட நினைவுத் தூணில் மாண்டோர் பெயர்கள் பொறிக்கப்பட்டன. அவற்றுள் ‘நாக்’ என முடியும் பெயர்கள் 22. அவை மகர் குல வீரர்களின் பெயர்கள். 1927 சனவரி 1 அன்று டாக்டர் அம்பேத்கர் அத்தூணின்முன் வந்து நின்றார். தாழ்ந்தோர் என்று தூற்றப்பட்டவர்கள் படைக்கலம் ஏந்திய மறவர்கள் என்பதற்கு அக்கல்லே சாட்சியாயிற்று.

கல் இல்லாதோர் நிலை என்ன? 1991இல் நியூயார்க் நகரில் அரசாங்கக் கட்டடம் ஒன்றுக்கு நிலம் அகழ்ந்தபோது, ஆப்பிரிக்க அடிமை மக்களின் பழைய இடுகாடு வெளிப்பட்டது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் அன்றைய நகர எல்லைக்கு வெளியே அவர்கள் புதைக்கப்பட்டிருந்தனர். அங்கு அடக்கம் செய்யப்பட்டோர் ஏறத்தாழ 15,000 பேர் என மதிப்பிடுகின்றனர். கறுப்பின மக்கள் கிளர்ந்தெழுந்து பணியை நிறுத்தச் செய்தனர். எடுக்கப்பட்ட 419 பேரின் எலும்புகளை அறிஞர்கள் ஆராய்ந்தனர். இளமையிலேயே சுமை தூக்கி நொந்த உடல்களின் கதையை அவ்வெலும்புகள் கூறின. 2003இல் அவை உரிய மரியாதையுடன் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. 2006இல் அவ்விடம் தேசிய நினைவுச் சின்னம் ஆயிற்று. பெயரற்ற புதைகுழிக்கும் பேசும் ஆற்றல் உண்டு. அதைக் கேட்பதற்கு வழித்தோன்றல்கள் வேண்டும்.

நம்மவர் கதை இன்னும் நெருங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது சயாம்–பர்மா இருப்புப் பாதையைச் சப்பானியர் 1942, 43ஆம் ஆண்டுகளில் அமைத்தனர். மலேயத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் அங்கு மடிந்தனர். அவர்களுள் ஒடுக்கப்பட்ட குடியினர் பலர். காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் மாண்ட போர்க் கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. தமிழ்த் தொழிலாளிக்கோ அவ்வாறு தனித்தனியே பெயர் பொறித்த கல் இல்லை. படையில் சேர்ந்து மாண்டோரிடையிலும் வேற்றுமை இருந்தது. முதல் உலகப் போரில் மாண்ட இந்தியரும் ஆப்பிரிக்கருமாகிய பல்லாயிரவர்க்கு வெள்ளையர்க்கு நிகரான நினைவுச் சிறப்புச் செய்யப்படவில்லை என்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் அறிக்கையே 2021இல் ஒப்புக்கொண்டது.

இனி நம் ஊர்ப்புறத்திற்கு வருவோம். வாழ்வில் புகுந்த சாதி சாவிலும் விடவில்லை. திருச்சி மேலப்புதூர்க் கிறித்தவக் கல்லறைத் தோட்டத்தில் சாதியின் பெயரால் சுவர் நின்றதை நாடறியும். 2019இல் வாணியம்பாடியை அடுத்த நாராயணபுரத்தில், இடுகாட்டிற்குச் செல்லும் வழி மறுக்கப்பட்டமையால், பிணத்தைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்க நேர்ந்தது. சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து அதனை விசாரித்தது. இடுகாட்டைக் காப்பதும் அதற்குச் செல்லும் வழியைக் காப்பதும் வரலாற்றுக் கடமை மட்டுமல்ல, உரிமைக் கடமையும் ஆகும். யார் யார், எந்த ஆண்டுகளில், எவ்விடத்தில் அடக்கம் செய்யப்பட்டனர் என்னும் பட்டியல் நம் கையில் இருந்தால், ஆக்கிரமிப்பாளன் வேலி போட வரும் நாளில் அதுவே நமக்கு அரண்.

ஆதலின் இளைஞர்களே, செய்ய வேண்டுவன சிலவற்றைக் கூறுகிறேன். முதலாவதாக, ஊரின் மூத்தோரை உடன் அழைத்துச் சென்று, எந்த மேடு எவருடையது என்று கேட்டு வரைபடம் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். மூதாட்டியரைக் கேட்க மறவாதீர்கள். ஒப்பாரியில் பிறந்தகமும் புகுந்தகமும் கொடிவழியும் வரும். இரண்டாவதாக, எழுத்துள்ள கல் இருப்பின் காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் படியுங்கள். தேய்ந்த எழுத்தும் அப்போது தெளிவுறும். அமிலமோ கம்பித் தூரிகையோ கல்லின்மேல் படலாகாது. நிழற்படம் எடுத்து நாளிட்டு வையுங்கள். மூன்றாவதாக, கிறித்தவக் குடும்பத்தினர் கோயில் அடக்கப் பதிவேட்டைக் காண இசைவு கேளுங்கள். ஏனையோர் பிறப்பு இறப்புப் பதிவேட்டை நாடுங்கள். சென்னை மாகாணத்தில் அதற்கென 1899லேயே சட்டம் இயற்றப்பட்டது. நான்காவதாக, கிராம நிருவாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டில் நம் இடுகாட்டின் புல எண்ணையும் பரப்பையும் குறித்துக்கொண்டு, இன்று நிலத்தில் உள்ள பரப்போடு ஒப்பிடுங்கள். குறைந்திருப்பின் ஏன் குறைந்தது என்று எழுத்து மூலம் கேளுங்கள்.

1859இல் பிறந்து 1945இல் மறைந்த இரட்டைமலை சீனிவாசனாருக்குச் சென்னை ஓட்டேரியில் நினைவிடம் உண்டு. தலைவர்களை நாடு நினைவுகூரும். நம் வீட்டுப் பெரியோரை நாம்தாம் நினைவுகூர வேண்டும். நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக நமக்கு எழுத்தறிவித்தது. அவ்வெழுத்தைக் கொண்டு, எழுதப்படாது போன நம் முன்னோர் பெயர்களை முதலில் எழுதுவோம். ஊர்தோறும் ஒரு பெயர்ப் பதிவேடு உருவாகுமாயின், நம் பேரப் பிள்ளைகளின் ஏடு மூன்றாம் தலைமுறையோடு நில்லாது.